பாலை நிலத்தில் ஒரு நாடு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் ஒரு தாளுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர். “மகளுக்குக் குவைத்துல வீட்டு வேலைக்கு விசா வந்திருக்குது சாமி. போற எடத்துல நம்ம கோவில் இருக்குமா?” என்று கேட்டார். “இருக்கிறது அம்மா, பெரிய கோவிலே இருக்கிறது” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அரபு மொழியில் அச்சிடப்பட்டிருந்த அந்தத் தாளை ஆசீர்வதிக்கும்படி வேண்டினார். ஆசீர்வதித்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவர் சென்ற பிறகு என் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. நம் மறைமாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாத பங்கு அரிது. அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் எழுகின்றன, திருமணங்கள் நடக்கின்றன, கோவில் திருவிழாக்களும் சிறக்கின்றன. ஆனால் அவர்கள் போய்ச் சேரும் நாடு எத்தகையது? யார் ஆள்கிறார்கள்? எந்தச் சட்டம் அவர்களைக் காக்கிறது? ஆயனாகிய நானே அறியாமல் அவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குறையை நீக்கிக்கொள்ளும் பொருட்டுப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்கு உரிய ஒழுக்கமாக அவர்கள் வைத்தது பிரிவு. பொருள் தேடித் தலைவன் பாலையைக் கடந்து செல்வதும், தலைவி ஆற்றியிருப்பதும் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி. இன்று அந்தப் பாலை கடல் கடந்து கிடக்கிறது. தலைவன் மட்டுமல்லன், தலைவியும் பொருள் தேடிப் பிரிகிறாள். ஆற்றியிருப்போர் குழந்தைகள்.

நிலமும் நீரும்

பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில் அமைந்தது குவைத். வடக்கிலும் மேற்கிலும் ஈராக், தெற்கில் சவூதி அரேபியா, கிழக்கில் கடல். பரப்பு 17,818 சதுர கிலோமீட்டர். நம் திருவண்ணாமலை மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எனலாம். நாட்டின் மிக உயர்ந்த நிலப்பகுதியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர்தான். 814 மீட்டர் உயர்ந்து நிற்கும் நம் அண்ணாமலையின் பாதி உயரத்தைக்கூட எட்டும் குன்று அங்கு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளியான மணல். கடலில் சில தீவுகள். அவற்றுள் புபியான் பெரியது, ஃபைலக்கா பழமையானது.

ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீட்டரை ஒட்டியது. நம் பகுதியில் ஓர் ஐப்பசி மாதத்திலேயே அதனினும் மிகுதியாகப் பெய்துவிடும். 2016ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று அந்நாட்டின் மித்ரிபா என்னும் இடத்தில் பதிவான வெப்பநிலை 53.9 பாகை செல்சியசு. உலக வானிலை அமைப்பு ஆய்ந்து ஏற்றுக்கொண்ட அளவு இது. வடமேற்கிலிருந்து ‘ஷமால்’ என்னும் காற்று வீசும்போது புழுதி எழுந்து பகலையே மறைத்துவிடும்.

அங்கு வாழ்ந்தவர்களுக்கு நீரே முதற்கவலை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஈராக்கின் ஷத்-அல்-அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் நன்னீர் கொண்டுவந்து விற்றார்கள். 1950களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எழுந்தன. இன்று அந்நாடு குடிப்பது பெரும்பாலும் கடலின் உப்பு நீக்கிய நீரே. 1979இல் திறக்கப்பட்டு, உலகமெங்கும் அந்நாட்டின் அடையாளமாகத் திகழும் குவைத் கோபுரங்களுள் பெரியவை தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகளே ஆகும். அரண்மனையையோ வெற்றித் தூணையோ அன்றித் தண்ணீர்த் தொட்டியையே ஒரு நாடு தன் அடையாளமாகக் கொண்டது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

சிறு கோட்டையின் வரலாறு

‘கூத்’ என்றால் கோட்டை. ‘குவைத்’ என்றால் சிறு கோட்டை. பெயரிலேயே அந்நாட்டின் எளிய தொடக்கம் விளங்குகிறது. ஆயினும் அந்நிலத்தின் பழமை நெடியது. ஃபைலக்கா தீவில் தில்முன் நாகரிக மக்கள் வாழ்ந்தனர். அலெக்சாந்தரின் காலத்துக்குப் பின் கிரேக்கர் அங்கே குடியேறி அதை ‘இக்காரோசு’ என்று அழைத்தனர். அதே தீவில் அல்-குசூர் என்னும் இடத்தில், 1980களின் இறுதியில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பழைய கிறித்தவக் கோவிலொன்றின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தனர். சிரிய மரபைச் சேர்ந்த கிறித்தவர் அங்கே துறவு வாழ்வு நடத்தியிருக்கின்றனர். ஆக, வளைகுடாவில் நம் விசுவாசம் எண்ணெயோடு வந்த புதுச்சரக்கு அன்று.

இன்றைய குவைத்தின் கதை பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. நடு அரேபியாவிலிருந்து வறட்சியால் விரட்டப்பட்ட பனீ உத்தூப் என்னும் குலத்தார் இக்கடற்கரையில் வந்து தங்கினர். ஏறத்தாழ 1752இல் அவர்களுள் சபாஹ் குடும்பத்தைத் தலைமைக்குத் தேர்ந்துகொண்டனர். அன்று முதல் அக்குடும்பமே ஆண்டு வருகிறது. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் அமைத்த நாடு அது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

அம்மக்கள் முத்துக் குளித்தனர், கப்பல் கட்டினர், கடல் வாணிகம் செய்தனர். கப்பலுக்கு வேண்டிய தேக்கு மலபார்க் கரையிலிருந்து சென்றது. பேரீச்சம்பழம் ஏற்றி வந்த அவர்களுடைய மரக்கலங்கள் அரிசியும் மரமும் நறுமணப் பொருள்களும் ஏற்றித் திரும்பின. அக்காலத்தில் குவைத்தார் இந்தியாவுக்குப் பிழைப்புத் தேடி வந்தனர் என்பது இன்றைய இளைஞருக்கு வியப்பளிக்கலாம்.

1896இல் முபாரக் என்பவர் தம் உடன்பிறந்தார் இருவரைக் கொன்று அரியணை ஏறினார். காயின், ஆபேல் நிகழ்ச்சியை நினைவூட்டும் இச்செயலைச் செய்தவரையே வரலாறு ‘முபாரக் பெரியவர்’ என்கிறது. துருக்கிய ஓட்டோமன் பேரரசின் பிடிக்குத் தப்ப எண்ணிய அவர், 1899 ஜனவரி 23 அன்று ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். பிறரிடம் தம் நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ ஆங்கில அரசின் இசைவு வேண்டும் என்பது அதன் சாரம். 1903இல் இந்திய வைசிராய் கர்சன் பிரபு குவைத்துக்கு வந்தார். 1947 வரை குவைத்தில் இருந்த ஆங்கில அரசியல் முகவர் இந்திய அரசின் கீழேயே பணியாற்றினார். கடைவீதியில் புழங்கியதும் நம் இந்திய ரூபாயே. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் வெளியிட்டது. 1961இல்தான் குவைத் தினார் பிறந்தது. இன்று ஒரு தினாருக்கு எத்தனை ரூபாய் என்று நம் தாய்மார் வங்கி வாசலில் கேட்கின்றனர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ரூபாயே அந்நாட்டுப் பணம்!

1922ஆம் ஆண்டு இறுதியில் உக்கைர் என்னும் இடத்தில் ஆங்கில அதிகாரி சர் பெர்சி காக்சு எல்லைக் கோடுகளை வகுத்தார். குவைத் தன்னுடையது எனக் கருதிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பிறர்க்குப் போயிற்று. அடுத்து, சப்பானியரின் வளர்ப்பு முத்துக்களாலும் உலகப் பொருளாதார வீழ்ச்சியாலும் முத்துத் தொழில் நொடித்தது. 1930களில் குவைத் வறுமையின் விளிம்பில் நின்றது.

எண்ணெயும் போரும்

1938 பிப்ரவரியில் புர்கானில் எண்ணெய் கண்டார்கள். உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களுள் இரண்டாவதாக இது கருதப்படுகிறது. உலகப் போர் குறுக்கிட்டதால் முதல் ஏற்றுமதி 1946இல் நிகழ்ந்தது. அதற்குப் பின் வந்த மாற்றம் கற்பனைக்கு எட்டாதது. 1920இல் மக்கள் கூடிக் கட்டிய நகர மதில் 1957இல் இடிக்கப்பட்டது. மண் வீடுகள் மறைந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் குடிமக்களுக்கு இலவசமாயின. ஈட்டியதனைத்தையும் செலவழித்துவிடாமல் 1953இலேயே சேமிப்பு முதலீட்டு வாரியம் ஒன்றை இலண்டனில் நிறுவினார்கள். 1976இல் வருங்காலத் தலைமுறைக்கென ஒரு நிதியை ஏற்படுத்தி, ஆண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஆண்டுகளில் தானியம் சேர்த்து வைத்த விவேகம் இதில் தென்படுகிறது.

1961 ஜூன் 19 அன்று 1899ஆம் ஆண்டு உடன்படிக்கை நீங்கி, குவைத் முழு உரிமை பெற்றது. சில நாட்களிலேயே ஈராக் அதைத் தன் பகுதி என்றது. அப்போது அச்சம் நீங்கியது. ஆனால் 1990 ஆகஸ்டு 2 அன்று சதாம் உசேனின் படைகள் புகுந்து நாட்டைக் கைப்பற்றின. ஏழு மாத அடிமைத்தனத்துக்குப் பின், 1991 பிப்ரவரி இறுதியில் பன்னாட்டுப் படைகள் அதை மீட்டன. பின்வாங்கிய படையினர் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தனர். நண்பகலும் இருண்டது. கடைசித் தீ நவம்பரில்தான் அணைந்தது.

அந்நாட்களில் இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். பாலைவழியே ஜோர்டான் சென்று, அம்மான் நகரிலிருந்து ஏறத்தாழ 500 விமானப் பயணங்களில் தாயகம் சேர்ந்தனர். பல ஆண்டுச் சேமிப்பை இழந்து, உடுத்திய உடையோடு திரும்பியோர் பலர். அவர்களுள் நம் ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் அங்கேயே சென்றனர். இங்கு அவர்களுக்கு வேலை இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆட்சிமுறை

குவைத் ஓர் அமீரகம். 1962 நவம்பர் 11 அன்று இயற்றப்பட்ட அரசியல் சட்டத்தின்படி முபாரக் பெரியவரின் வழித்தோன்றல்களே அமீர் ஆகலாம். அமீர் தலைமை அமைச்சரை நியமிக்கிறார். அச்சட்டம் 50 உறுப்பினர் கொண்ட தேசியப் பேரவையையும் அமைத்தது. முதல் தேர்தல் 1963இல் நடந்தது. அமைச்சர்களைக் கேள்வி கேட்டுப் பதவி விலகச் செய்யும் வலிமை அப்பேரவைக்கு இருந்தது. அண்டை நாடுகளில் காணப்படாத உரிமை இது. 2005இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 2009இல் நான்கு பெண்கள் உறுப்பினராயினர். சிட்னி இசையரங்கை வடிவமைத்த யார்ன் உட்சோன் அமைத்த பேரவைக் கட்டடத்தின் முகப்பு, பாலைநிலக் கூடாரத்தின் விரிந்த துணியைப் போலக் காட்சி தருகிறது.

கூடாரத்தைப் போலவே அப்பேரவையும் பலமுறை சுருட்டி வைக்கப்பட்டது. 1938இலேயே வணிகர் அமைத்த சட்டமன்றம் சில மாதங்களில் கலைக்கப்பட்டிருந்தது. 1976 முதல் 1981 வரையும், 1986 முதல் 1992 வரையும் பேரவை இயங்கவில்லை. 2023 டிசம்பரில் பட்டமேற்ற அமீர் மிஷால், 2024 மே 10 அன்று பேரவையைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகளுக்கு மிகாமல் நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். பேரவைக்கும் அமைச்சரவைக்கும் இடையறாது நிகழ்ந்த பூசல் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நாடு ஆறு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் மக்கள் அடிக்கடி உச்சரிக்கும் ஹவல்லி, ஃபர்வானியா, அகமதி, ஜஹ்ரா ஆகியவை அவற்றுட் சில.

குடிமக்களும் அந்நியரும்

குவைத்தில் வாழ்வோர் ஏறத்தாழ 50 இலட்சம். அவர்களுள் குடிமக்கள் மூன்றில் ஒரு பங்கினரே. ஏனையோர் பிற நாட்டவர். இந்தியர் மட்டுமே ஏறத்தாழ 10 இலட்சம். சொந்த மண்ணிலேயே குடியுரிமை இல்லாத ‘பிதூன்’ எனப்படுவோரும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் உள்ளனர். மேலே நாம் கண்ட வாக்குரிமையும் பேரவையும் சேமிப்பு நிதியும் குடிமக்களுக்கே உரியவை. தெருவைப் பெருக்குபவர், கட்டடம் எழுப்புபவர், நோயாளியைப் பேணுபவர், குழந்தையை வளர்ப்பவர் யாவரும் அந்த வரலாற்றின் வெளியே நிற்கின்றனர்.

அவர்களைக் கட்டுவது ‘கஃபாலா’ என்னும் பொறுப்பாளர் முறை. வேலை தருபவரே வந்தவரின் தங்கும் உரிமைக்கும் பொறுப்பாளர். அவருடைய இசைவின்றி வேலை மாறுவது கடினம். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது இருமடங்கு இறுக்கம். ஏனெனில் அவளுடைய தொழிற்கூடம் பிறர் கண் காணாத ஒரு வீடு. 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வார ஓய்வு நாளையும், நாளொன்றுக்கு 12 மணி நேர வரம்பையும் விதித்தது. கடவுச்சீட்டை வேலை தருபவர் பிடித்து வைத்துக்கொள்வதையும் தடை செய்தது. 2021 ஜூனில் இந்தியாவும் குவைத்தும் வீட்டுப் பணியாளர் குறித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சட்டங்கள் நல்லவை. பூட்டிய வீட்டுக்குள் அவை எந்த அளவுக்கு நுழைகின்றன என்பதே கேள்வி.

2024 ஜூன் 12 அன்று விடியற்காலை, அகமதி மாநிலத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பற்றியது. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். தமிழ்நாட்டினர் எழுவர். இரு நாள் கழித்து இந்திய விமானப்படையின் விமானம் சவப்பெட்டிகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. இறந்தவர்கள் உறக்கத்தில் இருந்தவர்கள். பகலெல்லாம் உழைத்து, மறுநாள் உழைப்புக்காக உறங்கியவர்கள்.

அந்நாட்டில் திருச்சபை

இத்தகைய நாட்டில் நம் திருச்சபையும் அந்நியராகவே வாழ்கிறது. குடிமக்களுள் கிறித்தவர் சில நூறு பேரே. அரசியல் சட்டம் இசுலாத்தை அரசு சமயமாக அறிவித்தாலும், நிலவும் வழக்கங்களுக்கு உட்பட்டுச் சமய வழிபாடு நிகழ்த்தும் உரிமையைக் காக்கிறது. கார்மேல் சபைக் குருக்கள் இங்குப் பணியைத் தொடங்கி வளர்த்தனர். எண்ணெய்த் தொழிலாளருக்கென அகமதியில் அரேபியாவின் அன்னை ஆலயம் எழுந்தது. 2025இல் திருத்தந்தையின் ஆணையால் அது சிறு பேராலயமாக உயர்த்தப்பட்டது. குவைத் நகரில் திருக்குடும்ப இணைப் பேராலயம் இருக்கிறது. 2011 முதல் குவைத், பஹ்ரைன், கத்தார், சவூதி அரேபியா ஆகிய நான்கும் வட அரேபிய மறைத்தூது ஆட்சிப்பகுதியாக விளங்குகின்றன.

அங்கே வெள்ளிக்கிழமையே விடுமுறை. எனவே அந்நாளில்தான் இறைமக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். தமிழ், மலையாளம், கொங்கணி, தகலாகு, அரபு எனப் பல மொழிகளில் திருப்பலி நிறைவேறுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமையும் வெளியே விடப்படாத பணிப்பெண்ணுக்கு அக்கோவில் எட்டாத தொலைவில் இருக்கிறது. “கோவில் இருக்கிறது” என்று நான் அந்தத் தாய்க்குச் சொன்ன விடை உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

நம் சிந்தனைக்கு

விவிலியத்தில் பாலைநிலத்துக்குத் துரத்தப்பட்ட முதல் பணிப்பெண் ஆகார். அவள் அந்நிய நாட்டவள், எகிப்தியள். ஆபிரகாமின் வீட்டில் பணி செய்தவள். தலைவியின் கடுமை தாங்காது ஒருமுறை ஓடினாள். பின்னொரு முறை குழந்தையோடு வெளியேற்றப்பட்டாள். துருத்தியில் நீர் தீர்ந்து, மகன் சாவதைக் காண மனமின்றி விலகி அமர்ந்து அழுதாள். கடவுள் அவள் குழந்தையின் குரலைக் கேட்டார், அவளுக்கு ஒரு நீரூற்றைக் காட்டினார். விசுவாசத்தின் தந்தை என நாம் போற்றுகிறவரின் வீட்டிலேயே ஒரு பணிப்பெண்ணுக்கு நீதி கிடைக்கவில்லை என்பதை விவிலியம் மறைக்கவில்லை. ஆபிரகாமைத் தந்தை என்று சொல்லிக்கொள்ளும் யூதரும் கிறித்தவரும் இசுலாமியரும் தத்தம் வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி இது.

ஆம், குவைத்தைக் குறை கூறுவது எளிது. நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் சகோதரிக்கு நாம் தரும் ஊதியம் என்ன? வார ஓய்வு உண்டா? அவர் தேநீர் அருந்தும் குவளை தனியாக இருக்கிறதா? அந்நாட்டிலாவது வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் ஒன்று ஏட்டில் இருக்கிறது. முதலில் நம் வீட்டுக்குள் நீதி நுழையட்டும்.

அடுத்து, பங்குகள் செய்யத்தக்கவை சில உண்டு. வெளிநாடு செல்வோருக்குத் திருப்பலியில் ஆசீர் அளிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவருடைய ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது என்பதையும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது என்பதையும் அன்பியக் கூட்டங்களில் அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டின் நகலையும், சென்று சேரும் வீட்டின் முகவரியையும், இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் குடும்பத்தார் கையில் வைத்திருக்கச் செய்ய வேண்டும். இவை சிறு செயல்களே. ஆனால் உரிய வேளையில் ஓர் உயிரைக் காக்கக்கூடியவை.

அந்தத் தாயை மீண்டும் அழைத்தேன். அவர் கொணர்ந்த தாளை எடுத்துக்கொண்டு, நம் ஊரில் அரபு கற்பிக்கும் இசுலாமிய அன்பர் ஒருவரிடம் சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை வாசித்தார். “ஃபாதர், இது வேலை ஒப்பந்தமில்லை. ஒரு மாதம் வந்து பார்த்துப் போகத் தரும் அனுமதி. இதை வைத்து வேலை செய்தால் சட்டப்படி குற்றம், பிடிபட்டால் சிறை” என்றார். பிறகு அந்தத் தாயைப் பார்த்து, “உங்க மகளை இந்தத் தாளை நம்பி அனுப்பாதீங்கம்மா” என்றார். அவர் காட்டிய அந்த அக்கறையில் ஆகாரின் நீரூற்றை நான் கண்டேன்.

முகவருக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. ஆனால் மகள் போகவில்லை. இப்போது சென்னையில் உரிய அலுவலகத்தின் வழியாக விண்ணப்பித்திருக்கிறாள். ஒருநாள் அவள் செல்லக்கூடும். அன்று அவள் தாளை நான் மீண்டும் ஆசீர்வதிப்பேன், அதை முழுவதும் வாசித்த பின்னர்.